பெட்டி உயிரோடுதான் இருக்கிறது

வீட்டுக் கணினி ஒரு நாள் காலையில் 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை' என்று பேச ஆரம்பித்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். உலு திராமில், தாமான் என்னும் குடியிருப்பில் ஒரு வீடு. அப்பா விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புகிறவர். அம்மா வீட்டிலிருந்தபடியே கேக் ஆர்டர் எடுக்கிறார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். இதில் நிறுவனம் எங்கே இருக்கிறது, கொள்கையை யார் வகுத்தார்கள்? ஆனாலும் திரையில் அப்படித்தான் வருகிறது: அடையாளம் காட்டாத விருந்தினர்களை உங்கள் நிறுவனம் அனுமதிப்பதில்லை, ஆகவே இந்தக் கோப்புறையைத் திறக்க முடியாது. நேற்று இரவு வரை திறந்த கோப்புறை. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. ராத்திரி கணினி தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டது.

அந்தக் கோப்புறை இருப்பது கணினியில் கூட இல்லை. டிவிக்குக் கீழே, ரௌட்டருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், முன்னால் சிமிட்டிக்கொண்டே இருக்கும் பச்சை விளக்கு. நாஸ் என்பார்கள். வீட்டு வைஃபையில் இருக்கிற எந்தக் கணினியும், போனும், டிவியும் அதில் கிடக்கும் படத்தையும் பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். மாதச் சந்தா இல்லை, வாங்கும்போது கொடுத்த வெள்ளியோடு சரி.

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது உலு திராம். தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ஊர். இன்று டேசா செமர்லாங், புத்ரி வங்சா என்று தாமான்களாகப் பரந்துவிட்டது. தோட்டத்து வீட்டுத் தகரப் பெட்டியில் தாத்தா வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து, பேரப்பிள்ளைகளின் போன் படங்களோடு சேர்த்து ஒரே இடத்தில் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. 2010-ல் யூனிஃபை ஃபைபர் இணையம் மலேசியாவில் அறிமுகமான பிறகு வீட்டுக்கு வீடு நல்ல ரௌட்டர் வந்தது. அதன் பின்னாலேயே இந்தப் பெட்டிகளும் வந்தன. இவற்றை உண்மையிலேயே அடித்துத் துவைத்துப் பயன்படுத்துகிறவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள். ஒரே கல்யாணத்தின் மூலப் பதிவு சில நூறு ஜிகாபைட்டைச் சாதாரணமாகத் தாண்டும்.

என் அக்கா மகன் அந்தத் தொழில்தான் செய்கிறான். அவன் போன் செய்தபோது குரலில் அழுகைக்கு முந்தைய பதற்றம் இருந்தது.

"மாமா, பெட்டி செத்துப் போச்சு. ரெண்டு கல்யாணம் உள்ள மாட்டிக்கிச்சு."

"விளக்கு எரியுதா?"

"எரியுது."

"போன்ல திறந்து பாத்தியா?"

"போன்ல எல்லாப் படமும் வருது மாமா. லேப்டோப்லதான் உள்ள விட மாட்டேங்குது."

"அப்ப செத்தது பெட்டி இல்லடா."

போனில் வருகிறது, லேப்டோப்பில் வரவில்லை என்ற இந்த ஒரு தகவலிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது. பெட்டி தயாரிப்பாளர் கொடுக்கும் போன் செயலி, இணையப் பக்கம் பேசுகிற மொழியில் பெட்டியோடு பேசுகிறது. விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் பேசுவது எஸ்எம்பி என்ற வேறு மொழி. முதல் வழி திறந்து இரண்டாவது மூடியிருந்தால் டிஸ்க் நலம், மின்சாரம் நலம், வயர் நலம். சண்டை கணினிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள பேச்சுவார்த்தையில் மட்டும்தான். இந்த நேரத்தில் பயந்துபோய்ப் பெட்டியின் பின்னாலிருக்கும் ரீசெட் பொத்தானை ஊசியால் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சில பெட்டிகளில் அந்தக் குத்து அமைப்புகளை மட்டும் அழிக்கும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். கையை எடுங்கள்.

அக்கா மகன் என்னிடம் வருவதற்கு முன் கடைக்குப் போயிருந்தான். கடைக்காரர் வைத்தியம் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கிறது. விண்டோஸ் வசதிகள் பட்டியலைத் திறந்து, அந்த மொழியின் பழைய பதிப்பான 'எஸ்எம்பி 1' என்ற கட்டத்தில் டிக் போட்டு, ரீஸ்டார்ட் செய்யச் சொல்லியிருக்கிறார். செய்தும் பெட்டி திறக்கவில்லை. திறக்காமல் போனது நல்லதுக்குத்தான் என்பேன். அந்த டிக் எதைத் திறந்துவிடுகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2017 மே 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, வான்னாக்ரை என்ற பணயப் புழு உலகக் கணினிகளில் இறங்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. யாரும் எந்த இணைப்பையும் தட்டவேண்டிய அவசியமே இல்லை. ஒரு கணினிக்குள் நுழைந்தால் அதே வலையமைப்பிலிருக்கும் அடுத்த கணினியின் கதவை அதுவே தட்டிப் பார்த்துக்கொண்டு போனது. அது தட்டிய கதவு எஸ்எம்பி 1. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தனக்காக உருவாக்கி வைத்திருந்த 'இட்டர்னல் புளூ' என்ற ஆயுதம் களவாடப்பட்டு, ஒரு மாதம் முன்பு இணையத்தில் கொட்டப்பட்டிருந்தது. புழு அதைத்தான் கையில் எடுத்திருந்தது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. சிக்கியவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாதவர்கள்தான்.

இன்னும் சொல்லப்போனால், மைக்ரோசாஃப்டில் இந்தப் பகுதியைக் கவனித்துவந்த நெட் பைல், 2016 செப்டம்பரிலேயே எஸ்எம்பி 1-ஐ நிறுத்துங்கள் என்று கெஞ்சாத குறையாக எழுதியிருந்தார். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அதன் சர்வர் பகுதி இல்லாமலே போனது. ஏற்கெனவே இருந்த வீட்டுக் கணினிகளில்கூட, மொத்தம் 15 நாள் பயன்படாமல் கிடந்தால் தானே கழன்றுகொள்ளும்படி செய்தார்கள். இத்தனை பேர் பாடுபட்டுப் பூட்டிய கதவைத்தான் ஒரு டிக்கில் மறுபடி திறக்கச் சொல்கிறது கடை வைத்தியம்.

எஸ்எம்பியின் வயதைச் சொன்னால் இதன் பலவீனம் புரியும். 1983-ல் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் இதை எழுதினார். ஒரே அலுவலகத்துக்குள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் கோப்புப் பரிமாறிக்கொள்ள எழுதப்பட்டது. உலகம் முழுக்க ஒரே வலையாகும் என்று அன்று யார் கண்டார்கள்? மைக்ரோசாஃப்ட் இதை எடுத்து வளர்த்தது. 1991 கடைசியில், கான்பராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் ஓடும் தரவைக் கவனித்துக் கவனித்தே இந்த மொழியைப் புரிந்துகொண்டு, இலவசமாகப் பேசும் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதுதான் பிற்பாடு சாம்பா ஆனது. இன்று வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸும் சாம்பாவும்தான். ஆக, உங்கள் பெட்டிக்கு விண்டோஸ் தாய்மொழி கிடையாது. கற்றுக்கொண்ட மொழி. எந்த ஆண்டு வரை கற்றுக்கொண்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2024 அக்டோபர் 1-ஆம் தேதி விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வெளியானது. அதில் இரண்டு கண்டிப்புகள் சேர்ந்தன. முதலாவது, பெட்டியும் கணினியும் பரிமாறிக்கொள்ளும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் இருக்க வேண்டும். இரண்டாவது, பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் 'கெஸ்ட்' என்று நுழையும் வழி புரோ பதிப்பிலும் அடைக்கப்பட்டது. எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் கெஸ்ட் வழி 2017-லேயே அடைபட்டுவிட்டது. அலுவலகக் கணினிகளுக்கென்று எழுதிய எச்சரிக்கை வாசகம் அப்படியே வீட்டுக்கும் வந்ததால்தான், கேக் செய்கிற அம்மாவின் திரையில் 'உங்கள் நிறுவனம்' வந்து நிற்கிறது. எழுதியவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வீடுகள் பலவும் 11-க்கு மாறின. பல பதிப்புகளைத் தாண்டிக் குதித்ததால், எல்லா மாற்றமும் ஒரே இரவில் வந்ததுபோல் ஆகிவிட்டது.

கெஸ்ட் என்பதும் கையொப்பம் என்பதும் ஏன் ஒத்துப்போகாது என்பதைக் காவல்சாவடி உள்ள தாமானை வைத்துச் சொல்லலாம். பழைய முறையில் காவலாளி யாரைப் பார்த்தாலும் கையசைத்து உள்ளே விட்டார். புதிய முறையில் அடையாள அட்டையான ஐ.சி.யைக் காட்டி ஒரு பாஸ் வாங்க வேண்டும், உள்ளே ஒவ்வொரு முனையிலும் அந்தப் பாஸைக் காட்ட வேண்டும். ஐ.சி.யே காட்டாதவருக்குப் பாஸ் எதை வைத்து எழுதுவது? கணினி விஷயத்தில் ஐ.சி. என்பது கடவுச்சொல். அதிலிருந்துதான் கையொப்பம் போடும் சாவி உருவாகிறது. கடவுச்சொல் இல்லாத கெஸ்டுக்குச் சாவி இல்லை, சாவி இல்லாமல் கையொப்பம் இல்லை. இந்தக் கையொப்பம் இருந்தால், நடுவில் எவனாவது உட்கார்ந்து செய்தியை மாற்றினால் கணினிக்குத் தெரிந்துவிடும். வேறொருவன் உங்கள் பெட்டியாக வேஷம் போட்டாலும் மாட்டிக்கொள்வான்.

ஆகவே நான் அக்கா மகன் வீட்டுக்குப் போனபோது லேப்டோப்பில் கை வைப்பதற்கு முன் பெட்டியில்தான் கை வைத்தேன். கண்டிப்பைக் குறைக்கும் வேலையைக் கணினியில் செய்வதைவிட, பெட்டியை இந்தக் காலத்துக்குக் கொண்டுவருவது மேல். உலாவியின் முகவரிக் கட்டத்தில் பெட்டியின் எண்ணை அடித்தோம். 192.168 என்று தொடங்கும் எண். தெரியாவிட்டால் ரௌட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் இருக்கும். மழையும் இடியுமாக வந்து மின்சாரம் டிரிப் ஆகித் திரும்பும்போது சில ரௌட்டர்கள் பழைய எண்ணைக் கொடுக்காமல் புது எண்ணைக் கொடுத்துவிடும். ஜொகூர் மழைக்கு இது வாடிக்கை. அப்டேட் மேல் பழி விழுந்த சில சிக்கல்களுக்கு உண்மைக் காரணம் இந்த எண் மாற்றம்தான். அந்த எண்ணைப் பெட்டிக்கென்று ரௌட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

பெட்டியின் நிர்வாகப் பக்கம் திறந்தது. முதலில் பெட்டியின் உள்மென்பொருளான ஃபர்ம்வேர். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடவில்லை என்பது முகப்பிலேயே தெரிந்தது, சிவப்பு எழுத்தில் அறிவிப்பு நின்றது. புது ஃபர்ம்வேரைப் போட்டு, பெட்டி எழுந்து வருவதற்குள் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். பிறகு கோப்புச் சேவைப் பகுதியில் எஸ்எம்பி அமைப்புகள். குறைந்தபட்சம் எஸ்எம்பி 1 என்றிருந்ததை 2 ஆக்கினோம், அதிகபட்சத்தை 3 ஆக்கினோம். கையொப்பத்தை அனுமதிக்கும் கட்டத்தில் டிக். அடுத்தது ஆள் பட்டியல். அதில் அட்மின் தவிர யாருமே இல்லை. வீட்டில் எல்லோரும் இத்தனை வருடம் கெஸ்டாகத்தான் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவன் பெயரில் ஒரு பயனரை உருவாக்கி, நல்ல நீளமான கடவுச்சொல் வைத்து, கல்யாணக் கோப்புறைக்கு எழுதும் உரிமை கொடுத்தோம். கெஸ்டை மூடினோம்.

இதற்குப் பிறகுதான் லேப்டோப். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இரண்டு பின்சாய்கோடு போட்டுப் பெட்டியின் எண்ணை அடித்தான். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சின்னச் சன்னல் வந்தது. அவன் விரல் தன்னால் லேப்டோப்பைத் திறக்கும் பின் எண்ணை அடித்தது. தவறு என்றது. மறுபடியும் அதையே அடித்தான், மறுபடியும் தவறு.

"பின் நம்பர்தானே மாமா, தினமும் இதைத்தான் அடிக்கிறேன்."

பின் எண் அந்த ஒரு லேப்டோப்புக்குள் மட்டும் செல்லும். வெளியே வராது, வரவும் கூடாது. இன்னொரு பொறி, அந்தச் சன்னலில் விண்டோஸ் உங்கள் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சலைத் தானே எழுதி வைத்திருக்கும். பெட்டிக்கு அந்த மின்னஞ்சல் யாரென்றே தெரியாது. 'வேறு கணக்கு' என்பதைத் தட்டி, பெட்டியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பெட்டியில் உருவாக்கிய பயனர் பெயர் என்று எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் மிகப் பெரும்பாலானோர் முட்டி மோதுகிறார்கள்.

சரியாக அடித்தும் நுழையாமல் ஒரு வாசகம் வந்தது: இதே பெட்டியோடு வேறு பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது என்று. ஒரே பெட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது. கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற இடத்தில் பெட்டியின் பெயரில் பழைய பதிவு ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது. அழித்தோம், லேப்டோப்பை ரீஸ்டார்ட் செய்தோம். கோப்புறை திறந்தது. மாப்பிள்ளை அழைப்பும் மாலை மாற்றுவதும் இருந்த இடத்திலேயே இருந்தன.

எல்லா வீட்டிலும் இவ்வளவு நேராகப் போய்விடாது. திரையில் வரும் வாசகத்தை நிதானமாகப் படிப்பவருக்கு வழி கிடைக்கும். கெஸ்டைத் தடுக்கிறோம் என்று வந்தால் மேலே சொன்னதுதான். கையொப்பம் செல்லாது என்று வந்தால் பெட்டிக்குக் கையொப்பம் போடத் தெரியவில்லை அல்லது அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. பாதையே கிடைக்கவில்லை என்று வந்தால் எண் மாறியிருக்கலாம், பெட்டி தூங்கிக்கொண்டிருக்கலாம், அல்லது அது எஸ்எம்பி 1 மட்டுமே பேசும் கிழப் பெட்டியாக இருக்கலாம். எண்ணை அடித்தால் திறக்கிறது, ஆனால் இடதுபக்க நெட்வொர்க் பட்டியலில் பெட்டியைக் காணோம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்தப் பட்டியலைத் தொகுத்துவந்த பழைய ஏற்பாடு எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்தது, அதோடு சேர்ந்து போய்விட்டது. வீட்டு வைஃபையை 'பப்ளிக்' என்று விண்டோஸ் குறித்துவைத்திருந்தாலும் பட்டியல் காலியாக இருக்கும். 'பிரைவேட்' ஆக்கிப் பாருங்கள். அதுவும் வேண்டாமென்றால் கோப்புறையை ஒரு டிரைவ் எழுத்தாக மாட்டிவிட்டால் போதும், பட்டியலைத் தேடவே வேண்டாம்.

அண்ணன் லேப்டோப்பில் திறக்கிறது, தம்பி லேப்டோப்பில் திறக்கவில்லை, இரண்டும் ஒரே விண்டோஸ் 11 என்று ஒரு குழப்பம் வரலாம். பதிப்பைப் பாருங்கள். புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்குத்தான் கையொப்பம் கட்டாயம். ஹோம் பதிப்புக்கு இல்லை. தம்பிக்குச் சூனியம் எதுவும் வைக்கப்படவில்லை.

இதில் மிகவும் அவதிப்படுவது தனிப் பெட்டி வாங்காமல், ரௌட்டரின் யூஎஸ்பி ஓட்டையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகிவிட்டு 'நாஸ் வைத்திருக்கிறேன்' என்று சொல்பவர்கள். அப்படிப்பட்ட பழைய ரௌட்டர்கள் பலவற்றில் இருப்பது அரதப் பழசான சாம்பா. எஸ்எம்பி 1-ஐத் தாண்டாது, ஆள் கணக்கும் கிடையாது, அப்டேட்டும் வராது. அதை மீட்க முயல்வதில் பொருளில்லை. டிஸ்க்கைக் கழற்றி நேராகக் கணினியில் செருகிக் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதேபோல் சிறு அலுவலகங்களில் ஸ்கேன் செய்து கணினிக் கோப்புறைக்கு அனுப்பும் பழைய போட்டோஸ்டேட் இயந்திரங்களும் 24எச்2-க்குப் பிறகு மக்கர் செய்கின்றன. அங்கே கையொப்பம் கேட்பது கணினி, போடத் தெரியாமல் விழிப்பது இயந்திரம்.

ஆப்பிள் வீடுகளுக்கும் இந்தக் காற்று வீசாமல் இல்லை. 2024 செப்டம்பரில் வந்த மேக் ஓஎஸ் சிக்கோயாவில், ஒவ்வொரு செயலியும் வீட்டு வலையமைப்பில் மற்ற சாதனங்களைத் தேட உங்கள் அனுமதியைக் கேட்கிறது. அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியவர்களுக்குப் பேக்கப் செயலி பெட்டியைக் காணாமல் தவிக்கும். ஆப்பிளின் பழைய ஏஎஃப்பி மொழியும் விடைபெறப் போவதாக 2025-ல் அறிவித்துவிட்டார்கள். மேக்கிலும் இனி எஸ்எம்பிதான்.

மேக்கைப் பற்றிப் பேசும்போது நமக்கே உரிய ஒரு தலைவலியையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இது. 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னும் பின்னுமாக இரண்டு துண்டாகவும் வைக்கலாம். பழைய மேக் டிஸ்க்குகள் துண்டாக்கி வைக்கும், விண்டோஸில் அடிப்பது ஒரே குறியாக வரும். பழைய மேக்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாகப் பெட்டிக்கு அள்ளிக்கொட்டிய 'கோவில் திருவிழா' கண்ணுக்கு அப்படியே தெரியும், தேடினால் கிடைக்காது. கோப்பு தொலைந்துவிட்டதாக நினைத்து அலறுவோம். நீளத்திலும் நமக்குத்தான் அடி. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடம், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் போகும். சில பெட்டிகளின் மறைகுறியாக்கக் கோப்புறையில் அது 143 ஆகச் சுருங்குகிறது. அதாவது, 47 குறி. 'அண்ணன் மகள் மஞ்சள் நீராட்டு விழா' என்று தொடங்கி மண்டபத்தின் பெயரையும் சேர்த்தால் பெயர் முடிவதற்குள் இடம் முடிந்துவிடும்.

மறுபடி கண்டிப்புக்கே வருகிறேன். கையொப்பத்தையும் கெஸ்ட் தடையையும் அணைத்துவிடும் வழியை மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. பெட்டிக்கு அப்டேட் வராது, உள்ளே கோப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அதை அணைத்து, கோப்புகளை வெளியே எடுத்து, உடனே திரும்பப் போட்டுவிடலாம். அதற்குக் குறை சொல்லமாட்டேன். அணைத்துவிட்டு அப்படியே மறந்துபோவதில்தான் ஆபத்து. கையொப்பத்தால் பலவீனமான பிராசசர் உள்ள பெட்டிகளில் நகலெடுக்கும் வேகம் குறைவதும் உண்மை. வீடியோக்காரர்களுக்கு அது எரிச்சல்தான்.

'என் வீட்டு வைஃபைக்குள் திருடன் எப்படி வருவான்' என்று கேட்பவர்களுக்கு வீட்டுப் பெட்டிகளின் அண்மைக்கால வரலாறே பதில். 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற பிரபலமான டிஸ்க்குகள், உலகின் பல மூலைகளில் ஒரே நேரத்தில் தாமாகவே வெறுமையாயின. தயாரிப்பாளர் அவற்றுக்கு அப்டேட் கொடுப்பதை 2015-லேயே நிறுத்தியிருந்தார். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல் தைவானின் கியூநாப் பெட்டிகளைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. எங்கிருந்தும் படம் பார்க்கலாம் என்று ரௌட்டரில் வழி வெட்டி, பெட்டியை நேராக இணையத்தில் நிறுத்தியவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள். அந்த அக்டோபரில் நெதர்லாந்து போலீசார் கும்பலையே ஏமாற்றினார்கள். பிட்காயின் கட்டினார்கள், பணம் உறுதியாவதற்கு முன்பே சாவிகள் தானாக வந்து விழுந்தன, கட்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 150-க்கும் மேற்பட்ட சாவிகள் கிடைத்தன. ஆனால் எல்லோருக்கும் டச்சு போலீஸ் வாய்ப்பதில்லை. ரௌட்டரில் அப்படி வழி வெட்டியிருந்தால் இன்றே அடைத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்க்க விபிஎன் இருக்கிறது.

பக்கத்துக் கூலாயில் உலகின் பெரிய நிறுவனங்களுக்காகத் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அங்கே காவல், குளிர்விப்பு, மாற்று மின்சாரம், இரவு பகலாக ஆள். உலு திராமில் டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கு நீங்கள் மட்டும்தான். அதில் இரண்டு டிஸ்க் ஒன்றுக்கொன்று நகலாக ஓடுவதால் பத்திரம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காக்கும், சரி. தவறிப்போய் அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கிக்குள் புகுந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைப்பது பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

அதனால் அப்டேட்டுக்குத் தேறாத கிழப் பெட்டியைத் தூக்கிப்போடச் சொல்லமாட்டேன். பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் பெரும்பாலும் கோப்பு மேலாளர் இருக்கும், உலாவி வழியாகவே கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். அதிலிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் நேராகச் செருகினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கும். லினக்ஸ் முறையில் எழுதப்பட்ட டிஸ்க் அதற்குப் புரியாது என்பதால் கேட்கிறது, சம்மதம் கொடுத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்கு மாற்றி, திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு, பழையதில் மூன்றாவது நகல் ஒன்றை வைத்து, வயரைப் பிடுங்கி, வேறொரு உறவினர் வீட்டு அலமாரியில் கொடுத்துவையுங்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போகும்போது புது டிஸ்க் ஒன்றில் அந்த வருடத்துப் படங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வரலாம்.